சொதி பிடிக்கிறது, எழுந்து வரத்தான் முடியவில்லை

கேள்வி: என் மகனுக்கு வயது 26. மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் குளிக்கவோ, கடைத்தெருவுக்குப் போகவோ எழுந்திருப்பதில்லை. சொதி வைத்த அன்று கூப்பிட்டு உட்கார வைத்தால் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். கூப்பிடாவிட்டால் பட்டினியாகவே படுத்துக் கிடக்கிறான். “ருசி மட்டும் தெரியுது, வெறும் சோம்பேறி” என்கிறார் என் நாத்தனார். இது நோயா, சோம்பலா?
– ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: நோய்தான், அம்மா. உங்கள் நாத்தனார் சோம்பலுக்குச் சாட்சியாகக் காட்டும் அந்தச் சொதியே இதற்கும் சாட்சி.

கிடைத்ததை ரசிப்பதும், கிடைக்கப்போவதைத் தேடி எழுந்து போவதும் மூளையில் ஒரே வேலை அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், மூளை செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படும் டோபமின் என்ற வேதிப்பொருள் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தார். பக்கத்திலேயே தீனி இருந்தும் அவை உண்ணாமல் கிடந்தன. ஆனால் சர்க்கரைக் கரைசலை வாயில் விட்டபோது மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சப்புக்கொட்டின. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டதும் இதையொட்டியதே: பழச்சாறு பழகிப்போன பின், டோபமின் செல்கள் சாற்றுக்காகத் துடிப்பதில்லை, சாறு வரப்போவதை அறிவிக்கும் அடையாளத்துக்கே துடிக்கின்றன. அடுப்படியில் சொதிக்கான தேங்காய்ப்பால் கொதிக்கும் மணம் நம்மை எழுப்பி இலைக்கு முன்னால் கொண்டு வருவது இப்படித்தான். மனச்சிதைவு உள்ள பலருக்கு மணமும் தெரியும், ருசியும் தெரியும். அந்த மணத்தைக் காலை ஊன்றி எழும் முயற்சியாக மாற்றும் இடம்தான் மந்தமாகிவிடுகிறது. மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி, வரப்போகும் நன்மைக்கான அடையாளத்தைக் கண்டு போதிய அளவு கிளர்வதில்லை என்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. (மனச்சோர்வில் நிலைமை சற்று வேறு, அங்கே பலருக்கு ருசியே மங்கிப்போகும்.)

ஆகவே “உனக்கே தோன்றும்போது எழுந்திரு” என்று காத்திருப்பதில் பயனில்லை. தோன்ற வைக்கும் இடத்தில்தானே பழுது. திட்டினாலோ, ஏற்கெனவே மலையாகத் தெரியும் வேலை இன்னும் பெரிதாகும். காலையில் ஆற்றுக்குப் போகும்போது நீங்களோ அவன் அப்பாவோ துண்டைக் கையில் கொடுத்துக் கூடவே அழைத்துப் போங்கள். முதலில் படித்துறைவரை போய் வந்தாலே போதும். புறப்படும் முன் “தண்ணி எப்படி இருக்கும்?” என்றும், திரும்பியதும் “எப்படி இருந்தது?” என்றும் கேட்டு, அவன் சொல்வதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நினைத்ததைவிட நன்றாக இருந்தது என்ற பதிவு, மறுநாள் அவனைக் கிளப்ப உங்களுக்கு உதவும். பாராட்டும் காபியும் உடனுக்குடன் கிடைக்கட்டும். மாதக் கடைசியில் செல்போன் வாங்கித் தருகிறேன் என்ற வாக்குறுதி இந்த மூளைக்கு வெகுதூரம்.

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவை டோபமினின் வேலையைத் தடுப்பதால்தான் குரல்கள் அடங்கியிருக்கின்றன. ஆனால் அளவு கூடினால் அதே மாத்திரை மந்தத்தையும் கூட்டலாம். அடுத்த முறை பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ போகும்போது, பகல் தூக்கம், கைகால் இறுக்கம், நடையின் வேகம், அழுகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இடையில் சந்தேகம் வந்தால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். “ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்” என்று உறவினர் யாராவது கிளம்பினால், அந்தப் பேச்சை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.