எல்ல, சிங்கப்பூர், சித்தப்பா வீடு

அன்புள்ள ஐயா,

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் குடிசார் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஊர் விசுவமடு. ஆகஸ்டில் விடுமுறை. நண்பர்கள் எல்லவுக்கு அழைக்கிறார்கள். டியூஷன் கொடுத்துச் சேர்த்த காசு இருப்பதால், ஒரு வாரம் சிங்கப்பூர் போய் வெளிநாட்டு வாழ்க்கையைப் பார்த்து வரலாமே என்றும் தோன்றுகிறது. பிறகு முதுமாணிக்கு எனக்கு ஜேர்மனி விருப்பம். வீட்டில் சித்தப்பா இருக்கும் கனடாதான் என்கிறார்கள். அம்மாவோ முல்லைத்தீவில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலைத் தாண்டித் தனியே எங்கும் விடமாட்டார். எதை வைத்து முடிவெடுப்பது?

அன்புள்ள தம்பி,

சிங்கப்பூர் வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே விசா தேவையில்லை, தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, இட்லி தோசை கிடைக்கும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஒரு வாரம் விடுதியில் தங்குபவருக்கு ஊரின் பளபளப்பு தெரியும். காய்ச்சலில் தனியே படுத்திருப்பது எப்படியென்று தெரியாது. அந்தக் காசைத் தொடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

எல்லவுக்கு இரண்டு நாள் போங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் பிடித்துவிட்டுத் திரும்பாமல் தெமோதரைக்கும் செல்லுங்கள். அங்கே ரயில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்தில் புகுந்து தன்னையே கடந்து போகிறது. செங்குத்தான சரிவை ரயில் ஏறக்கூடியதாக்கச் செய்த ஏற்பாடு. குடிசார் பொறியியல் படிப்பவர் அதைப் பார்க்காமல் வந்தால் எனக்குக் கோபம் வரும்.

மிச்ச நாட்களுக்குக் காலிக்குப் போங்கள், தனியாக. வெளிநாட்டில் தனியே வாழ முடியுமா என்பதற்கு அதுதான் பரீட்சை. ஹப்புகலையில் றுகுணு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு போர்டிங் அறை தேடுங்கள். வாடகையைச் சிங்களத்தில் நீங்களே பேசுங்கள், நீங்களே சமையுங்கள். தென்மேல் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும், குளிக்க முடியாது. கடல்தான் வேண்டுமென்றால் ஆகஸ்டில் திருகோணமலை நல்லது. ஆனால் அங்கே தமிழ் கிடைத்துவிடும், அத்தோடு பரீட்சை முடிந்துவிடும். பத்தாவது நாள் உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, ஊர் பழகிவிட்டதா என்று பாருங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் பேர்லினைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். 2009 வரை வன்னியில் பிள்ளை வீடு திரும்பும்வரை வாசலில் நின்ற தாய்மார் அவர்கள். வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள், இரவில் பேசுங்கள். வாதாட வேண்டாம்.

இனி நாடுகள். ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் அரையாண்டுப் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், காட்ட வேண்டும். "ஜேர்மனியில் படிப்பு இலவசம்" என்று சுவரொட்டி ஒட்டும் முகவர்கள் இதை இரண்டாவது சந்திப்பில்தான் சொல்வார்கள். உங்கள் டியூஷன் காசு இதற்குப் போதாது. கொழும்பு கோதே நிறுவனத்தில் மொழிப் பரீட்சை எழுதப் போதும்.

கனடா கேட்கும் தொகை இன்னும் அதிகம்: கட்டணம் நீங்கலாக 22,895 கனேடிய டொலர். சித்தப்பா வீட்டில் வாடகை மிஞ்சும், உண்மை. ஆனால் அந்த வீட்டுக் கலியாணம், பிறந்தநாள், பனி அள்ளுதல் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் ஆள். அங்கே போவதென்றால் ஆய்வு வழி முதுமாணிக்குப் பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதுங்கள். ஆய்வுப் பணத்திலிருந்து மாணவருக்கு உதவித்தொகை கொடுப்பவர்கள் உண்டு. வகுப்பறை வழிப் படிப்புக்குக் காணியை ஈடு வைக்காதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றும் உண்டு: எராஸ்மஸ் முண்டுஸ். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கும் கூட்டு முதுமாணி. புலமைப்பரிசில் கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கட்டணமும் இல்லை. போட்டி கடுமை. நீர்வள, வெள்ள முகாமைத்துவத் துறைகளிலும் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்து வளர்ந்தவருக்கு விண்ணப்பத்தில் எழுத விஷயம் இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பம் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரியில் முடிந்துவிடும். இறுதி வருடத்திலேயே விண்ணப்பிக்கப் பலவற்றில் இடமுண்டு என்பதால், காலிக்குப் பஸ் ஏறுமுன் இரண்டு விரிவுரையாளர்களிடம் பரிந்துரைக் கடிதத்துக்குச் சொல்லிவையுங்கள். விடுமுறையில் அவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள்.