கறுப்பு நாசிலா, பச்சை நாசிலா? வண்டி கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்தவற்றில் டீசல் பற்றியவை இந்த இதழில்.

மகள் ஜெர்மனியில், பையன் நியூஜெர்சியில். இரண்டு வீட்டுக்கும் போய்வந்தோம். மகள் ஊரில் டாக்ஸியும் டீசல், குடும்பக் காரும் டீசல். பையன் ஊரில் டீசல் கார் கண்ணிலேயே படவில்லை, லாரி மட்டும்தான். இரண்டும் பணக்கார நாடு. ஏன் இந்த வித்தியாசம்?
*வாசகர், காவேரிப்பட்டணம்*

எஞ்சினைப் பார்க்கும் முன் வரியைப் பாருங்கள். ஜெர்மனியில் லிட்டர் பெட்ரோலுக்கு எரிபொருள் வரி 65.45 யூரோ சென்ட், டீசலுக்கு 47.04. லிட்டருக்கு 18 சென்ட் மிச்சம். அமெரிக்காவில் இது தலைகீழ். மத்திய அரசின் வரி கேலனுக்குப் பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். 1993-இலிருந்து இந்த எண்கள் அசையவே இல்லை. டீசல் என்றால் லாரி, லாரி என்றால் வருமானம், அதனால் கொஞ்சம் கூடக் கட்டட்டும் என்ற கணக்கு.

டீசல் எஞ்சின் ஒரு லிட்டருக்குப் பெட்ரோலைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதல் தூரம் ஓடும். ஒரு லிட்டரில் அடங்கிய சக்தியும் கூடுதல், காற்றை அமுக்கும் விகிதமும் கூடுதல். ஆனால் எஞ்சினும், பம்பும், இஞ்செக்டரும், புகை சுத்திகரிப்பும் விலை அதிகம். எண்ணெய் விலை உயர்ந்த ஐரோப்பாவில் அந்தக் கூடுதல் விலை சில வருடத்தில் திரும்பிவிடும். பெட்ரோல் மலிவான அமெரிக்காவில் காரை விற்கும் நாள்வரை திரும்பாது. ஜெர்மனியிலும் எல்லாருக்கும் லாபம் இல்லை. அங்கே ஆண்டு வாகன வரி டீசலுக்கு 100 சிசிக்கு 9.50 யூரோ, பெட்ரோலுக்கு 2 யூரோ. நிறைய ஓடுபவருக்குத்தான் டீசல் கட்டுப்படியாகும்.

அடுத்தது புகை விதி. அமெரிக்காவில் எரிபொருள் எதுவானாலும் ஒரே அளவுகோல். 2009-க்குள் முழுமையாக வந்த விதிப்படி நைட்ரஜன் ஆக்சைடு சராசரியாக மைலுக்கு 0.07 கிராம், அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 0.043. அதே காலத்து ஐரோப்பிய யூரோ 5 விதியில் பெட்ரோலுக்கு 0.06, டீசலுக்கு 0.18. டீசலுக்கு மூன்று மடங்கு சலுகை! கரியமில வாயுவைக் குறைக்கவேண்டும் என்று ஐரோப்பா நினைத்தது, நகரத்துக் காற்றைக் காக்கவேண்டும் என்று அமெரிக்கா நினைத்தது. டீசல் முதலாவதில் நல்ல பிள்ளை, இரண்டாவதில் இல்லை.

அமெரிக்கர்களுக்கு ஒரு பழைய சூடும் உண்டு. 1978 முதல் 1985 வரை ஓல்ட்ஸ்மொபைல் என்ற அமெரிக்கக் கார் கம்பெனி 5.7 லிட்டர் வி8 டீசல் எஞ்சின் விற்றது. ஹெட் போல்ட் அமைப்பு பெட்ரோல் எஞ்சினுக்குப் போட்டதே. டீசலின் அழுத்தம் தாங்காமல் போல்ட் நீண்டது, ஹெட் கேஸ்கட் போனது. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் வேறு இல்லை, ஈரம் போய்ப் பம்பும் இஞ்செக்டரும் துருப்பிடித்தன. ‘டீசல் கார் வேண்டாம்’ என்று ஒரு தலைமுறையே முடிவு கட்டிவிட்டது.

நீங்கள் ஜெர்மனியில் பார்த்தவற்றில் பல முன்பு வாங்கிய வண்டிகள். 2011 வாக்கில் மேற்கு ஐரோப்பாவில் புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசல். 2024-ல் ஐரோப்பிய யூனியனில் எட்டில் ஒன்றுகூட இல்லை. நம் ஊரிலும் இதே கதைதான். டீசல் விலையை அரசு கட்டிவைத்திருந்தவரை எல்லாருக்கும் டீசல் கார் வேண்டும். 2014 அக்டோபரில் விலையைச் சந்தைக்கு விட்டார்கள், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற கடுமையான புகை விதி வந்தது. சின்ன டீசல் கார் அதோடு சரி.

ஃபோக்ஸ்வேகன் டீசல் மோசடியில் உண்மையில் என்னதான் செய்தார்கள்?
*பாலிடெக்னிக் மாணவி, ஊத்தங்கரை*

புகைச் சோதனை உருளைமேல் நடக்கும். சக்கரம் சுற்றும், ஸ்டியரிங் திரும்பாது. ஸ்டியரிங் நிலை, வேகம், ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றை வைத்து ‘இது சோதனை’ என்று எஞ்சின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். அப்போது மட்டும் சுத்திகரிப்பு முழுதாக வேலை செய்யும். சாலைக்கு வந்தால் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப்போல 40 மடங்குவரை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் கருவியை வண்டியிலேயே கட்டிச் சாலையில் ஓட்டி அளந்தபோது எண்கள் ஒத்துவரவில்லை. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நோட்டீஸ் கொடுத்தது. உலகம் முழுக்க 1.1 கோடி வண்டிகள், இந்தியாவில் திரும்ப அழைத்தவை மட்டும் 3.23 லட்சம். சாலையில் ஓட்டி அளக்கும் சோதனை ஐரோப்பாவில் 2017-ல் கட்டாயமானது, இங்கே 2023 ஏப்ரலில்.

அமெரிக்காவில் லாரி ஓட்டும் பஞ்சாபி நண்பர் தன் வண்டி 7 மைலேஜ் தருகிறது என்கிறார். என் டாரஸ் (பல ஆக்சில் லாரி) 4-ஐத் தாண்டவில்லை. அவர்கள் எஞ்சின் அவ்வளவு உசத்தியா?
*லாரி உரிமையாளர், பர்கூர்*

அவர் சொல்வது கேலனுக்கு 7 மைல். 0.425-ஆல் பெருக்குங்கள், லிட்டருக்கு 3 கிலோமீட்டர்கூட வராது. நண்பர் இங்கிலாந்தில் இருந்தால் 0.354-ஆல் பெருக்கவேண்டும், அவர்கள் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785. மற்ற ஐரோப்பியர்கள் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பார்கள். 30 லிட்டர் என்றால் 100-ஐ 30-ஆல் வகுங்கள், 3.3. அங்கே எண் குறைந்தால்தான் நல்லது. அமெரிக்க லாரி 105, 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஐரோப்பாவில் 90-க்கு மேல் போகாதபடி லிமிட்டர் பூட்டியிருப்பார்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். உங்கள் டாரஸ் ஒன்றும் சளைத்ததில்லை.

அமெரிக்க லாரிகளுக்கு மூக்கு நீளம், ஐரோப்பிய லாரியும் ஓசூரில் தயாராகும் லாரியும் தட்டை முகம். ஏன்?
*பள்ளி ஆசிரியர், ஓசூர்*

எதை அளக்கிறார்கள் என்பதுதான். ஐரோப்பாவில் முன் பம்பரிலிருந்து டிரெய்லர் வால்வரை மொத்தம் 16.5 மீட்டர். மூக்கு நீண்டால் சரக்குக்கு இடம் போச்சு, அதனால் டிரைவரை எஞ்சின்மேல் உட்கார வைத்தார்கள். அமெரிக்காவில் 1982 சட்டத்துக்குப் பிறகு தேசிய நெடுஞ்சாலைகளில் டிரெய்லரை மட்டும்தான் அளப்பார்கள், 53 அடி டிரெய்லர் சாதாரணம். முன்வண்டி எவ்வளவு நீண்டாலும் கேள்வி இல்லை. அதற்கு முன் அங்கேயும் தட்டை முகம் நிறைய ஓடியது. எடையில் மட்டும் ஐரோப்பா தாராளம்: பொதுவாக 40 டன். அமெரிக்காவில் 80,000 பவுண்டு, 36.3 டன். முன் ஆக்சிலில் 12,000, இரட்டை ஆக்சில் இரண்டிலும் தலா 34,000 என்று பிரித்து ஏற்றினால்தான் அந்த 80,000 வரும்.

அமெரிக்க வீடியோக்களில் இறக்கத்தில் லாரி ‘டடடட’ என்று துப்பாக்கிபோலச் சத்தம் போடுகிறதே, அது என்ன பிரேக்? அது இருந்தால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் விபத்து குறையுமா?
*கிரானைட் லோடு டிரைவர், தருமபுரி*

முதலில் கணக்கு. 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி, 30 டிகிரியில் இருக்கும் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். டயரிலும் காற்றிலும் கொஞ்சம் கழியும். பாக்கியை நீங்கள் எங்கே அனுப்புகிறீர்கள் என்பதுதான் கேள்வி. கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அத்தனையும் டிரம்முக்குள் போகும். டிரம் சூட்டில் விரிந்து லைனரைவிட்டு விலகும், லைனர் கண்ணாடிபோல வழுவழுக்கும். காற்று முழுதாக இருக்கும், பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. ‘பிரேக் ஃபெயிலியர்’ என்று எழுதப்படுவதில் பல இந்த ரகம்.

நீங்கள் கேட்டது ஜேக் பிரேக். எஞ்சின் காற்றை அமுக்கி முடிக்கும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிடும். அமுக்கிய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளாமல் வெளியே வெடிக்கும், அதுதான் அந்தச் சத்தம். அமுக்கச் செலவான சக்தி சக்கரத்திலிருந்து பிடுங்கியது, திரும்பக் கிடைக்காது. இதை யோசித்தவர் கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1931-ல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் அவர் வந்த லாரி கட்டுக்கடங்காமல் ஓடியது, 1961-ல் ஜேக்கப்ஸ் நிறுவனம் இந்தப் பிரேக்கை விற்கத் தொடங்கியது. பல அமெரிக்க ஊர்களில் சத்தம் தாங்காமல் ‘எஞ்சின் பிரேக் போடாதே’ என்று போர்டு வைத்திருப்பார்கள். ஐரோப்பாவில் கியர்பாக்ஸோடு ரிடார்டர் பூட்டுவது வழக்கம். எண்ணெயைக் கலக்கி வேகம் குறைக்கும், சத்தம் கிடையாது. சூடு கூலன்ட் வழியாக ரேடியேட்டருக்குப் போகும், அதனால் ரேடியேட்டர் அடைத்திருந்தால் ரிடார்டர் கைவிட்டுவிடும்.

நம் லாரிகளில் பெரும்பாலும் இருப்பது எக்ஸாஸ்ட் பிரேக், சைலன்சர் குழாயை ஒரு தட்டு அடைக்கும். ஜேக் பிரேக்கைவிடப் பலம் குறைவு, ஆனால் சரியாகப் பயன்படுத்தினால் தொப்பூருக்கு உதவும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் முன்பே, மேட்டிலேயே கியரைக் குறையுங்கள். அதே மேட்டை லோடோடு ஏற எந்தக் கியர் வேண்டுமோ அது, அல்லது அதற்கும் ஒன்று கீழே. இறக்கத்தில் பாதி வந்தபின் குறைக்க முயன்றால் கியர் விழாது, வண்டி நியூட்ரலில் பறக்கும். எஞ்சின் சுற்று உயரமாக இருந்தால்தான் எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கும், வரம்புக் கோட்டைத் தாண்டவும் விடக்கூடாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எஞ்சினுக்குப் பம்பு டீசலே விடாது, நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரியும்!

கால் பிரேக்கை அமெரிக்க லைசென்ஸ் கையேடு சொல்வதுபோல் போடலாம். பாதுகாப்பான வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால், 40 வந்ததும் அழுத்தமாக மிதித்து 32-க்குக் கொண்டுவாருங்கள், மூன்று விநாடி ஆகும். விட்டுவிடுங்கள். மறுபடி 40 வரட்டும், மறுபடி மிதியுங்கள். இடையில் டிரம்முக்கு மூச்சு கிடைக்கும். மழையில் காலி வண்டியில் எஞ்சின் பிரேக்கைக் கடுமையாகப் போடாதீர்கள், பின்சக்கரம் பிடித்து டிரெய்லர் மடங்கும். கீழே வந்ததும் புகையும் டிரம்மில் தண்ணீர் ஊற்றுவது சிலருக்குப் பழக்கம். டிரம் வெடித்துக் கீறல் விடும், ஊற்றாதீர்கள்.

தக்காளி லோடு வண்டிக்கு ஆட்ப்ளூ வாங்கிக் கட்டுப்படி ஆகவில்லை. வயலுக்குப் போடும் யூரியாவையே கரைத்து ஊற்றலாமா? அமெரிக்காவில் இதெல்லாம் உண்டா?
*வாசகர், பாலக்கோடு*

ஊற்றக்கூடாது. ஆட்ப்ளூ என்பது புகையில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத் தெளிக்கும் திரவம்: 32.5 சதவீத யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். வயல் யூரியாவில் பையூரெட் அதிகம், வேப்பெண்ணெய்ப் பூச்சு வேறு, போர் தண்ணீரில் சுண்ணாம்பு. இவை ஆட்ப்ளூ தெளிக்கும் இஞ்செக்டர் முனையை அடைத்து, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். ஒரு கேட்டலிஸ்ட் விலைக்குப் பல வருட ஆட்ப்ளூ வாங்கலாம்.

100 லிட்டர் டீசலுக்கு 3 முதல் 5 லிட்டர் ஆகும். அதைவிடக் கூடினால் கசிவா, முனை ஒழுகலா என்று பாருங்கள். வெள்ளை உப்புப் படிவம் காட்டிக்கொடுக்கும். கேனை வெயிலில் வைக்காதீர்கள். 25 டிகிரியில் 18 மாதம் தாங்குவது 35 டிகிரியில் 6 மாதம்தான். நீல மூடி டேங்கில் டீசலோ, டீசல் டேங்கில் இதுவோ போய்விட்டால் சாவியைப் போடாமல் டேங்கைக் காலி செய்யுங்கள்.

அமெரிக்காவில் 2010 புகை விதியோடு இது பரவியது. நேவிஸ்டார் என்ற லாரி கம்பெனி மட்டும் யூரியா இல்லாமலே சமாளிப்போம் என்று புகையை எஞ்சினுக்கே திருப்பிவிடும் முறையை நம்பி இறங்கியது, 2012-ல் கைவிட்டது. ஆட்ப்ளூ தீர்ந்தால் லாரி கடைசியில் மணிக்கு 5 மைலுக்கு இறங்கும்படியும் வைத்தார்கள். டிரைவர்கள் திட்டித் தீர்த்ததால் 2025-ல் தளர்த்த வழிகாட்டுதல் வந்தது.

சென்சாரை ஏமாற்றி, புகை ஃபில்டரைக் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
*வாசகர், அரூர்*

வேண்டாம். அமெரிக்காவில் ராம் பிக்கப் எஞ்சின்களில் புகைக் கட்டுப்பாட்டை ஏய்க்கும் மென்பொருள் இருந்ததற்காகக் கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனி 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு 2023-ல் ஒப்புக்கொண்டது. உங்கள் ஃபில்டர் அடிக்கடி அடைத்தால் ஓட்டம் குறைவு என்று அர்த்தம். கரி எரிய 550, 600 டிகிரி வேண்டும், ஊருக்குள் 3 கிலோமீட்டர் ஓட்டினால் அது வராது. ஃபில்டர் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் நெடுஞ்சாலையில் 60-க்கு மேல் 20 நிமிடம், ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். பாதியில் அணைக்காதீர்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது, உடனே ஆயில் மாற்றுங்கள். சாம்பல் குறைந்த ஆயில் மட்டும். கம்பெனி சொன்ன கிரேடு.

அடுத்த மாதம் வேலையாகப் பிரான்ஸ், பிறகு அமெரிக்கா. இரண்டு இடத்திலும் வாடகைக் கார். பங்க்கில் நாமே பிடிக்கவேண்டுமாமே, எதைக் கவனிக்க?
*மென்பொருள் பணியாளர், ஓசூர்*

நாசில் நிறத்தை நம்பாதீர்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் கறுப்பு டீசல், பச்சை பெட்ரோல். அமெரிக்காவில் பல இடங்களில் பச்சைதான் டீசல், கறுப்பு பெட்ரோல்! பெயரிலும் பொறி உண்டு. அமெரிக்கர் ‘கேஸ்’ என்றால் பெட்ரோல். பிரான்சில் ‘கஸோல்’ என்று எழுதியிருப்பது டீசல், ‘எஸான்ஸ்’தான் பெட்ரோல். 2018-க்குப் பிறகு ஐரோப்பாவில் ஒட்டிய வில்லையைப் பாருங்கள்: வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். அதே குறி வண்டியின் மூடிக்குள்ளும் இருக்கும், இரண்டும் ஒத்தால் பிடியுங்கள்.

டீசல் நாசில் தடிமன், பெட்ரோல் கார் வாயில் சுலபமாக நுழையாது. பெட்ரோல் நாசில் டீசல் காரில் தாராளமாக நுழையும், தவறு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் நடக்கும். நடந்துவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியையும் திருப்பாதீர்கள். டீசல்தான் பம்புக்கு உயவு எண்ணெய், பெட்ரோல் அதைக் கழுவிவிடும். உலோகத் தூள் இஞ்செக்டர்வரை போகும். வாடகைக் கம்பெனிக்குப் போன் செய்து டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள்.