புலம்பெயர்ந்தோர் கால்பந்து கிளப்பில் 'லைஃப் மெம்பர்' என்பவர் யார்?

பல ஆண்டுகள் சம்பளம் வாங்காமல் உழைத்த ஒருவருக்கு, கிளப் நன்றியோடு தரும் நிரந்தர உறுப்பினர் தகுதி இது. ஆஸ்திரேலியாவில் டச்சுக்காரர்கள் தொடங்கிய கிளப்புகளைப் பார்த்தால் காரணம் புரியும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பற்றாக்குறையால் திணறிய நெதர்லாந்து, மக்கள் வெளிநாடு போவதை ஊக்குவித்தது. 1951-ல் ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தமும் போட்டது. அப்படி வந்தவர்கள் 1957-ல் பிரிஸ்பேனில் தொடங்கியதுதான் ஹாலண்டியா-இனாலா. பிறகு அது லயன்ஸ் ஆனது. சிங்கம் நெதர்லாந்தின் அரச சின்னம். 2005-ல் அதிலிருந்து பிறந்த ரோர் அணியும் நெதர்லாந்தின் நிறமான ஆரஞ்சில்தான் ஆடத் தொடங்கியது.

இத்தகைய கிளப்புகளுக்குத் தொடக்கத்தில் பணம் ஏது? புல் வெட்டுவது, கோடு போடுவது, ஜெர்சி துவைப்பது, சிறுவர்களை ஆட்டத்துக்குக் கூட்டிப்போவது எல்லாம் தன்னார்வலர் வேலை. கல்யாண வீட்டில் பந்தியைக் கவனித்துவிட்டுக் கடைசியாகச் சாப்பிட உட்காரும் மாமாவைப் போன்றவர்கள் அவர்கள். புதிய நாட்டில் தாய்மொழி பேச ஓரிடம் கிடைத்ததும் அவர்களால்தான். என்னைக் கேட்டால், கோல் அடித்தவர்களுக்கு முன்பே அவர்கள் பெயரைப் பலகையில் எழுத வேண்டும்.

அப்புறம், மொத்தமாகப் பணம் கட்டி வாங்கும் ஆயுள் சந்தா என்று பலர் இதை நினைக்கிறார்கள். இதை வாங்க முடியாது, உறுப்பினர்கள் கூடித்தான் வழங்குவார்கள்.