பின்வாசலுக்கு முன்தெரு விலையா?

கேள்வி: காரைக்குடியில் பழைய பெரிய வீடு ஒன்றின் பின்கட்டைப் பங்காளிகள் பிரித்து விற்கிறார்கள். 4 சென்ட். முகப்பு இருக்கும் தெரு ஊரில் பேர்போனது. எங்கள் துண்டுக்கு வாசல் பின்தெருவில்தான். ஆனாலும் "முன்தெரு அட்ரஸ், 630001 பின்கோடு" என்று சென்ட்டுக்கு 2 லட்சம் கூடுதலாகக் கேட்கிறார் தரகர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கைக்கு வராத முகவரிக்கு 8 லட்சம் கேட்கிறார்கள்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பு வைத்து, அடுத்த தெருவில் பின்வாசலோடு முடிபவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே வீடாக இருந்தவரை முன்தெருப் பேர் மொத்தத்துக்கும் செல்லும். நடுவில் சுவர் எழும்பிவிட்டால் பின்துண்டு பின்தெரு மனைதான். நாளைக்கு நீங்கள் விற்கும்போது, பார்க்க வருகிறவர் வண்டியை நிறுத்துவதும் அந்தத் தெருவில்தான்.

பின்கோடு 1972-ல் தபால் பிரிப்பதற்காக வந்த எண். கடைசி மூன்று இலக்கம் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும், அவ்வளவே. இரண்டு தெருவுக்கும் ஒரே அஞ்சலகம் என்றால் அதற்குத் தனிக் காசு எதற்கு?

தெருப் பேருக்கு விலையே கிடையாது என்று சொல்ல மாட்டேன். அகலமான ரோடு, பக்கத்தில் கோயில், கடைவீதி, அவசரத்துக்கு விற்றாலும் ஆள் கிடைக்கும் நம்பிக்கை, இதெல்லாம் அந்தப் பேருக்குள் இருக்கிறது. வாசல் அங்கே திறந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

பதிவுத்துறை இணையதளத்தில் தெருவாரியாக வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை, இருக்கிறது. சந்தை விலை வேறாக இருக்கும்தான். ஆனாலும் இரண்டு தெருவுக்கும் உள்ள வித்தியாசம் பேரம் பேசக் கைகொடுக்கும். முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2% என்பதால், அந்த 8 லட்சத்தையும் பத்திரத்தில் காட்டினால் செலவு இன்னும் 72,000 ரூபாய் ஏறும்.

தெருவைவிட எனக்குக் கவலை பங்காளிகளைப் பற்றித்தான். வரைவுப் பத்திரத்தை வாங்கி நான்கு மால் பகுதியை, அதாவது நான்கு பக்க எல்லையையும் சொல்லும் இடத்தை, நிதானமாகப் படியுங்கள். எந்தத் தெரு எல்லையாக எழுதியிருக்கிறது, நடைபாதை உரிமை உண்டா என்று பாருங்கள். உட்பிரிவு செய்த பட்டாவும் வில்லங்கச் சான்றும் கேளுங்கள். பிறந்த வீட்டுப் பெண்மக்களுக்கும் பங்கு இருக்கலாம், அவர்கள் கையெழுத்தை விட்டுவிடாதீர்கள். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு பங்காளி இருந்தால், அவருடைய பவர் பத்திரத்தை வக்கீல் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.