எல்விஸின் முகம் மட்டும் ஏன் பிடிபடவில்லை?

கேள்வி: அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி என்றால் அப்பாவுக்கு உயிர். பொங்கலுக்குக் கொடுக்கலாம் என்று ஆகஸ்டிலிருந்து அவர் படத்தை ஆயில் பெயின்டில் வரைகிறேன். முடியும் வெள்ளை உடுப்பும் அச்சு அசலாக வந்துவிட்டன. முகம் மட்டும் வேறு யாரோ. “யாருடா இது, கல்யாணக் கச்சேரிப் பாடகரா?” என்கிறான் அண்ணன். போட்டோவில் கட்டம் போட்டு வரைவது ஏமாற்று வேலையா? முடிக்குப் பூசிய கருப்பு வேறு இன்னும் கையில் ஒட்டுகிறது.
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: அண்ணன் மேல் கோபப்படாதீர்கள், அவருக்குக் கண் நன்றாகவே தெரிகிறது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மார்பில் கழுகு வைத்த அந்த உடுப்பு, 1973 ஜனவரியில் ஹவாய் நிகழ்ச்சிக்குப் போட்டது. அப்போது எல்விஸுக்கு 38 வயது. நீங்கள் வைத்திருக்கும் முகமோ 1956-ல் இருந்த 21 வயதுப் பையனுடையது. இடையில் கன்னம், தாடை, கழுத்து எல்லாமே மாறிவிட்டன. வெளிச்சமும் ஒத்துப்போகவில்லை: முகத்தில் பக்கவாட்டில் விழுகிறது, தோளில் மேலிருந்து விழுகிறது. எந்த வயது எல்விஸ் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நைசாகக் கேட்டுப் பாருங்கள். அந்த வயதின் ஒரே ஒரு போட்டோ போதும், மற்றதை எடுத்து வைத்துவிடுங்கள்.

அந்த முடியும் காலரும் இருந்தால் யாரை வேண்டுமானாலும் எல்விஸ் ஆக்கிவிடலாம். எல்விஸ் வேஷம் போட்டே பிழைப்பவர்கள் எத்தனை பேர்! ஆள் இருப்பது சற்றே கனத்துத் தொங்கும் மேல் இமையிலும், ஒரு பக்கம் மட்டும் ஏறும் உதட்டிலும்தான். போட்டோவையும் கேன்வாஸையும் தலைகீழாகத் திருப்பி வைத்து அந்த இரண்டு இடத்தையும் ஒப்பிடுங்கள். எங்கே பிசகியது என்பது சட்டென்று கண்ணில் படும். கண் நீலம் என்பதையும் மறந்துவிடாதீர்கள், உங்கள் படத்தில் பழுப்பாக இருக்கிறது.

கட்டம் போடுவதில் ஒரு தப்பும் இல்லை. நம் ஊர் சினிமா பேனர் ஓவியர்கள் சின்ன ஸ்டில்லைக் கட்டம் போட்டுத்தான் ஆளுயரத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1963-ல் எல்விஸின் சினிமா விளம்பரப் போட்டோவை அப்படியே சில்க் ஸ்கிரீனில் அச்சடித்தார். அவரை யார் கேட்டார்கள்?

இனி ஒட்டுகிற கருப்பு. ஆயில் பெயின்ட் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜன் சேர்ந்துதான் இறுகும். குளிரில் அது மெதுவாகும். உங்கள் பக்கத்து ஐப்பசி மழையைச் சொல்லவே வேண்டாம். அதிலும் டியூபில் வரும் ஐவரி பிளாக் என்ற கருப்பு, காய்வதில் இயல்பிலேயே சோம்பேறி. அடுத்த முறை பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்து கருப்பு எடுங்கள். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் இறுகும். முடிக்கும் இன்னும் பொருத்தம்: எல்விஸின் சொந்த முடி வெளிர்பழுப்பு, கருப்பு வெறும் சாயம். சாயம் போட்ட முடியில் அந்த நீல மினுக்கம் தெரியத்தான் செய்யும்.

படத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். அடுப்புப் பக்கமும் வேண்டாம். வெளிச்சமும் காற்றும் வரும் அறையில் நிற்கட்டும். பொங்கலுக்குத் தாராளமாகக் கொடுங்கள், வார்னிஷ் மட்டும் ஆறு மாதம் கழித்து. அதுவரை யாரும் துணியால் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், முக்கியமாக அண்ணனிடம்.