அண்ணிக்கு காமெடி சென்ஸ் இல்லையாம்!

கேள்வி: டி.வி. காமெடி நிகழ்ச்சியில் வரும் நிறக் கிண்டல்களை, ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் கொழுந்தனார் அப்படியே திருப்பிச் சொல்கிறார். 'கரண்ட் போனா பல்லைக் காட்டு, அப்பதான் தெரிவே' என்பார். அவளும் சிரிப்பாள். போன வாரம் பள்ளி குரூப் போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்று அழுதாள். கேட்டால், 'அண்ணிக்கு காமெடி சென்ஸே இல்லை' என்கிறார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம்

பதில்: அவள் சிரிப்பதை நம்பாதீர்கள். எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் முகம் வாடினால் கிண்டல் இரட்டிப்பாகும் என்று அந்த வயதிலேயே தெரிந்துவிடும். போட்டோவுக்கு நிற்க மறுத்தாளே, அதுதான் அவள் பதில்.

பெண் பார்க்கும் ஸ்கிட்டைப் பார்த்திருப்பீர்கள். முக்காடு விலகும். கரியைப் பூசிக்கொண்டு புடவை கட்டிய ஒரு ஆண். 'டொய்ங்' என்று சத்தம். மாப்பிள்ளை மயங்கி விழுவார். இதில் ஒரு வரி வசனம்கூட எழுத வேண்டியதில்லை. கறுப்பு என்றால் அசிங்கம் என்று பார்க்கிறவர் ஏற்கெனவே நம்பினால்தான் சிரிப்பே வரும். மற்றபடி கறுப்பானவர் அடியாளாக வருவார், திருடனாக வருவார். காதலிக்கப்படுகிறவராக வருவது அபூர்வம்.

2016-ல் நடிகை தனிஷ்தா சாட்டர்ஜி தன் பட விளம்பரத்துக்காக ஒரு இந்தி காமெடி நிகழ்ச்சிக்குப் போனார். சின்ன வயதில் நாவற்பழம் நிறையத் தின்றிருப்பீர்கள் என்கிற ரீதியில் நிறத்தையே பிடித்துத் தொங்கினார்கள். பாதியில் எழுந்து போனார். 'ரோஸ்ட்', அதாவது வந்தவரையே கிண்டலடிக்கும் காமெடி, என்றால் அப்படித்தான் என்று அவருக்கும் பாடம் நடந்தது. அவர் வெளிப்படையாக எழுதிய பிறகு சேனல் வருத்தம் தெரிவித்தது.

நீங்களும் சேனலுக்குப் புகார் எழுதலாம். தேதி, நேரம், காட்சி மூன்றையும் குறிப்பிடுங்கள். 2021-ல் திருத்திய கேபிள் டி.வி. விதிகளின்படி 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம்.

வீட்டுக்குள் நடப்பதற்கு விதி கிடையாது. கொழுந்தனாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசாதீர்கள். மகளுக்கும் காதில் விழ வேண்டும். அடுத்த முறை அவள் முன்னாலேயே, 'இதுல சிரிக்க என்ன இருக்கு? கொஞ்சம் விளக்குங்களேன்' என்று நிதானமாகக் கேளுங்கள். விளக்கத் தொடங்கினால் இந்த வகை ஜோக் அங்கேயே செத்துப்போகும். சங்கடமான மௌனம் வரும். அவசரப்பட்டு நீங்கள் பேச்சை மாற்றிவிடாதீர்கள்.

ஒன்று கவனித்தேன். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், கணவர் எங்குமே வரவில்லையே? 'டேய், என் பொண்ணுகிட்ட இது வேண்டாம்' என்று தம்பியிடம் சொல்ல வேண்டியது முதலில் அவர். இந்தப் பக்கத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.