ஆணுறுப்பில் போடும் ஊசி: எதற்கு அஞ்ச வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 56; நீண்டகாலமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. விறைப்புக் குறைபாட்டுக்குச் சாப்பிட்ட மாத்திரைகள் பலன் தரவில்லை. உறுப்பிலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம் என்கிறார் மருத்துவர். வலிக்குமா? ஆபத்து உண்டா?

பதில்: முதலில், மாத்திரையை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். கொழுப்பு மிகுந்த உணவுடன் சாப்பிட்டால் சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரை வேலை செய்யத் தாமதமாகும். பாலுணர்வுத் தூண்டல் இல்லாவிட்டால் பலனே இருக்காது.

முறையாகச் சாப்பிட்டும் பயனில்லை என்றால் ஊசி நல்ல வழிதான். மாத்திரை வேலை செய்ய நரம்புகளிலிருந்து வரும் தூண்டல் தேவை. சர்க்கரை நோயால் நரம்புகள் பழுதுபட்டிருந்தால் அத்தூண்டல் போதிய அளவு கிடைப்பதில்லை. அல்புரோஸ்டாடில் ஊசியோ அதற்குக் காத்திராமல், உறுப்பின் உள்தசைகளையும் ரத்தக்குழாய்களையும் நேரடியாகத் தளர்த்துவதால், பெரும்பாலும் 5 முதல் 20 நிமிடங்களுக்குள் விறைப்பு ஏற்படுகிறது.

இன்சுலினுக்குப் பயன்படுவதைப் போன்ற மெல்லிய ஊசி என்பதால் குத்தும் வலி குறைவு. மருந்தே சிலருக்கு உறுப்பில் கடுப்பைத் தருவதுண்டு. அது தொந்தரவானால், பாபவெரின், ஃபென்டோலமைன் சேர்ந்த கலவைக்கு மருத்துவர் மாற்றிப் பார்ப்பார். மேற்புறம் நரம்புகளும் அடிப்புறம் சிறுநீர்ப் பாதையும் இருப்பதால், பக்கவாட்டில்தான், இடம் வலம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். பிறகு அந்த இடத்தை 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால் இன்னும் சற்று நேரம் அழுத்த வேண்டியிருக்கும் என்பதால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

என் கருத்தில், அஞ்ச வேண்டியது ஊசிக்கு அல்ல, மருந்தின் அளவுக்குத்தான்; அது மிகுந்தால் விறைப்பு தணியாமல் நீடிக்கலாம். முதல் ஊசியை மருத்துவர் முன்னிலையில், 2.5 மைக்ரோகிராம் போன்ற சிறிய அளவில் தொடங்கி, உங்களுக்குப் போதுமான அளவை அவரே படிப்படியாகக் கண்டறிய வேண்டும். விறைப்பு போதவில்லை என்று அன்றே இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். 24 மணி நேரத்தில் ஒன்று, வாரத்துக்கு மூன்று என்பதே அல்புரோஸ்டாடிலுக்கு வரம்பு. அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை ரத்த நோய், ரத்தப் புற்றுநோய் போன்றவை உள்ளவர்களுக்கு இச்சிகிச்சை ஏற்றதல்ல. உறுப்பில் கட்டியோ வளைவோ தென்பட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

விறைப்பு 4 மணி நேரம் கடந்தும் தணியவில்லை என்றால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கூச்சத்தில் படுத்துவிடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேங்கிய ரத்தத்தை வெளியேற்றியும் மாற்று மருந்து செலுத்தியும் விறைப்பைத் தணிப்பார்கள். எந்த மருந்தை, எவ்வளவு, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதைப் போனவுடனேயே சொல்லிவிடுங்கள்.